நகர ஓடையில் மீத்தேன் மிகுந்தால்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

நகர ஓடை ஒன்றில், புவியின் வெப்பத்தைக் கூட்டும் வாயுவான மீத்தேன் மிகுந்திருப்பதாக ஓர் அளவீடு காட்டியவுடன், நீரைச் சுத்தம் செய்வது எப்படி என்ற கேள்வியே முதலில் எழுகிறது. அந்தக் கேள்வியைச் சற்று ஒத்திவைத்துவிட்டு, முதலில் ஓடையின் படுகையைக் குனிந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஓடும் நீரில் காணப்படும் மீத்தேனில் பெரும்பங்கு அந்த நீரிலேயே உருவானதன்று. ஆக்சிஜன் எட்டாத சேற்றிலோ, கரையோர ஈரமண்ணிலோ, நிலத்தடியிலோ, குழாய்களுக்குள்ளோ உருவாகி நீரை வந்தடைந்தது. ஆகவே ஒவ்வோர் அறிகுறியைக் காணும்போதும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இந்த மீத்தேன் எங்கே உருவாகிறது? வழியில் எங்கே உண்ணப்படுகிறது? எங்கே காற்றில் கலக்கிறது? இம்மூன்றும் ஒரே இடத்தில் நிகழ்வது அரிது. இவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் பல ஓடைகளில் தவறான இடத்தில் உழைப்பும் பணமும் செலவாகின்றன.

அடிமண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைக்கும்போது, தமக்கு மிகுந்த ஆற்றல் தரும் வழியையே முதலில் நாடுகின்றன. ஆக்சிஜன் தீர்ந்தால் நைட்ரேட், அதுவும் தீர்ந்தால் மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகள், பிறகு சல்பேட் என்று வரிசை இறங்குகிறது. இவை யாவும் குறைந்துபோன அடுக்கில்தான் மீத்தேனை உருவாக்கும் ஆர்க்கியாக்கள் என்னும், பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட நுண்ணுயிர்கள் மேலோங்குகின்றன. அவை அசிட்டேட்டிலிருந்தோ, ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்தோ மீத்தேனை ஆக்குகின்றன. அங்கிருந்து மேல்நோக்கிப் பரவும் மீத்தேனில் கணிசமான பகுதியை, சேற்றின் மேற்பரப்பில் ஆக்சிஜன் எட்டும் மெல்லிய அடுக்கில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டுவிடுகின்றன. நுண்மண் படிவு, நீரோட்டத்தின் வேகம், வெப்பம், நிழல், நீர்த்தாவரம் முதலிய வாழிடக் கூறுகள் ஒவ்வொன்றும், இந்த உற்பத்திக்கும் உண்ணுதலுக்கும் இடையிலான நிறுவையை ஏதேனும் ஒரு பக்கம் சாய்க்கின்றன.

எந்த எண்ணை மிகுதி என்று கொள்வது என்பதையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. காற்றில் இப்போது ஏறத்தாழ 1.9 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 1.9 பங்கு) மீத்தேன் உள்ளது. அதனோடு சமநிலையில் இருக்கும் நன்னீர், 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 2.5 முதல் 3 நானோமோல் (மோலில் நூறு கோடியில் ஒரு பங்கு) மீத்தேனை மட்டுமே கொண்டிருக்கும். ஆனால் நகரத்தின் தாக்கமே இல்லாத ஓடைகளிலும் இதைப்போல் பல மடங்கு இருப்பது இயல்பு. உலகின் ஆறுகளும் ஓடைகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2.8 கோடி டன் மீத்தேனை வெளியிடுவதாக 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. எனவே சமநிலையைவிடக் கூடுதலாக இருப்பதை மட்டும் கொண்டு கோளாறு என்று சொல்லிவிட முடியாது. அதே ஓடையின் மேற்பகுதியோடும், அதே பருவத்தில் அதே போன்ற வேறோர் ஓடையோடும் ஒப்பிடும்போது, ஏதேனும் ஓரிடத்தில் எண் திடீரென்று தாவி உயர்ந்தால், அந்தத் தாவலே நாம் பின்தொடர வேண்டிய அறிகுறி.

ஓடைக்குள் இறங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. மூடிய வடிகால், நீண்ட பாலத்தடிக் குழாய், கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றுக்குள் பயிற்சியும் வாயு அளவிடும் கருவியும் இல்லாமல் யாரும் நுழையக் கூடாது. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை மீத்தேன் கலந்தால் அது தீப்பற்றும். அதனோடு சேர்ந்து வரக்கூடிய ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு கூடும்போது மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடுவதால், நாற்றம் நின்றுவிட்டது என்பதைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது.

அறிகுறி: ஒரே இடத்தில் எடுத்த அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை

காரணத்தை ஓடையில் தேடும் முன் நம் கைகளில் தேட வேண்டும். கரைந்த மீத்தேனை அளக்கப் பரவலாகக் கையாளப்படும் முறை எளியது. 60 மில்லிலிட்டர் சிரிஞ்சில் குமிழ் ஏதும் இல்லாமல் 40 மில்லிலிட்டர் நீரை இழுத்து, மேலே 20 மில்லிலிட்டர் காற்றையோ நைட்ரஜனையோ சேர்த்து, இரண்டு நிமிடங்கள் நன்றாகக் குலுக்கி, அந்த வாயுவை மூடிய குப்பிக்கு மாற்றி, வாயுக்களைப் பிரித்து அளக்கும் வாயு குரோமடோகிராபி கருவியில் அளப்பதே அம்முறை. காற்றைப் பயன்படுத்தினால், அந்தக் காற்றின் மாதிரி ஒன்றையும் தனியே எடுத்து அதிலிருந்த மீத்தேனைக் கழிக்க வேண்டும். நகரச் சாலையோரக் காற்று எப்போதும் 1.9 பிபிஎம் அளவிலேயே இருக்கும் என்று எடுத்துக்கொள்வது தவறு. நீரின் வெப்பநிலையைக் குறிக்காமல் விட்டால், கரைதிறனைக் கணக்கிடும் இடத்தில் பிழை நுழைந்துவிடும்.

மிகப் பொதுவான பிழை இவற்றையெல்லாம்விடச் சாதாரணமானது. ஓடையில் நடந்து சேற்றைக் கலக்கிவிட்டு, கலங்கிய நீரிலேயே மாதிரி எடுத்துவிடுகிறோம். கீழ்ப்புறத்திலிருந்து மேல்நோக்கி நடந்து, நிற்கும் இடத்துக்கு மேற்புறத்தில் கையை நீட்டி எடுத்தால் இந்தப் பிழை நீங்கும். நீர் மாதிரியை அப்படியே குப்பியில் வைத்து மறுநாள் அளப்பதும் ஆபத்தானது. அதிலுள்ள பாக்டீரியாக்கள் இரவோடு இரவாக மீத்தேனை உண்டு எண்ணைக் குறைத்துவிடக்கூடும். ஆதலால் வாயுவைப் பிரிக்கும் வேலையைக் கரையிலேயே முடித்துவிடுவது சிறந்தது.

நீர்ப்பரப்பில் கவிழ்த்து வைக்கும் மிதவைக் கூண்டைக் கொண்டு வெளியேற்றத்தை அளப்பவர்கள், கூண்டுக்குள் செறிவு உயரும் விதத்தைக் கவனிக்க வேண்டும். கோடு சீராக ஏறினால் நீர்ப்பரப்பின் வழியாகப் பரவி வெளியேறும் மீத்தேனை அளக்கிறோம். படிக்கட்டுப்போல் திடீரென்று ஏறினால் ஒரு குமிழ் உள்ளே நுழைந்திருக்கிறது. நேர்கோட்டில் பொருந்தவில்லை என்பதற்காக அந்த அளவீட்டைத் தூக்கி எறிபவர்கள், பல ஓடைகளில் மொத்த வெளியேற்றத்தின் பெரும்பகுதியையே தூக்கி எறிகிறார்கள். அதைத் தனியாகக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். விரைந்து ஓடும் நீரில் கூண்டைக் கயிற்றால் ஓரிடத்தில் கட்டி வைத்தால், கூண்டின் விளிம்பே நீரைக் கலக்கி வெளியேற்றத்தை மிகைப்படுத்தும். அங்கே அதை நீரோடு மிதந்து செல்ல விட வேண்டும்.

அறிகுறி: படுகையிலிருந்து குமிழ்கள் எழுகின்றன, கால் வைத்தால் கொத்தாக வெளிவருகின்றன

1776-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரையில் அலெசாண்ட்ரோ வோல்ட்டா கோலால் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழ்களைச் சேகரித்து, அந்த வாயு எரிவதைக் கண்டார். மீத்தேனைப் பற்றிய அறிவு சேற்றில் குத்திய கோலிலிருந்தே தொடங்கியது. ஓடையைச் சோதிக்க இன்றும் அதைவிட மலிவான கருவி கிடையாது. எரித்துப் பார்க்கும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு, அளவுக்கோடுகள் இட்ட மெல்லிய கோல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஓடையின் குறுக்கே ஒவ்வோர் அடிக்கும் அதை அழுத்தி, சேறு எவ்வளவு ஆழம் இருக்கிறது, குமிழ் எழுகிறதா, சேறு கறுப்பா பழுப்பா என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலே விரற்கடை அளவு பழுப்பும் அதன் கீழ் கறுப்பும் இருந்தால், ஆக்சிஜன் அந்தப் பழுப்பு அடுக்கோடு நின்றுவிடுகிறது என்று கொள்ளலாம். மேற்பரப்பிலிருந்தே கறுப்பாக இருந்தால் மீத்தேனை உண்ணும் அடுக்கு ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது என்று பொருள்.

குமிழ் எழுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கரைந்த மீத்தேன் மெல்லப் பரவி மேலே வரும் வழியில் உண்ணப்படலாம். குமிழாக வரும் மீத்தேனோ அந்த அடுக்கைத் தாண்டிச் சில நொடிகளில் காற்றை அடைந்துவிடுகிறது. ஆழமான ஏரியில் குமிழ் நெடுந்தூரம் எழும்போது அதிலிருந்து ஒரு பகுதியாவது நீரில் கரையும். முழங்கால் ஆழமுள்ள ஓடையில் அதற்கு நேரமே இல்லை. ஆகவே ஓடையின் மொத்தப் பரப்பில் சிறு பங்காக இருக்கும் சேற்றுத் திட்டுகள் வெளியேற்றத்தில் பெரும்பங்கை வகிக்கக்கூடும். ஓடையின் நடுவில் மட்டும் மாதிரி எடுத்தால் இத்திட்டுகள் கண்ணில் படாமலே போய்விடும்.

திட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்ததும், அங்கே நீரின் வேகத்தைக் குறைத்தது எது என்று கேட்க வேண்டும். வெள்ளத்துக்காக அளவுக்கு மீறி அகலப்படுத்திய ஓடை, கோடைகாலச் சிறு நீரைத் தகடுபோல் பரப்பி நுண்மண்ணைப் படிய வைக்கிறது. பயன் தீர்ந்த சிறு தடுப்பணை தன் பின்னால் சேற்றைச் சேர்த்துவைக்கிறது. பாலத்தின் அடித்தளம் படுகையைவிட உயர்ந்திருந்தால் அதுவும் தடுப்பணையாகவே நடந்துகொள்ளும். நெகிழிப் பைகளும் கிளைகளும் பின்னிக்கொண்ட அடைப்பும் அதையே செய்கிறது. இவற்றோடு நுண்மண் வரும் மூலத்தையும் தேட வேண்டும்: மேற்புறத்துக் கட்டுமான இடத்திலிருந்து வழியும் மண், சரியும் கரை, தெருப்புழுதியைக் கொட்டும் மழைநீர் வடிகால் ஆகியவற்றில் ஏதோ ஒன்று அங்கே இருந்தே தீரும்.

நீக்கும் முறைகளில் நான் முதலிடம் கொடுப்பது, அகன்ற ஓடையின் நடுவே சிறு நீருக்கென்று குறுகலான வளைந்த தடம் ஒன்றை அமைப்பதற்கு. நீர் குறுகினால் வேகம் கூடும். வேகம் கூடினால் நுண்மண் தானாகவே விலகிச் சல்லியும் கூழாங்கல்லும் வெளிப்படும். கற்களுக்கிடையே ஆக்சிஜன் உள்ளே இறங்கும். தூர்வாருவதை மட்டும் செய்துவிட்டு, சேறு படிந்ததற்கான காரணத்தை அப்படியே விட்டுவைத்தால் சேறு மீண்டும் சேரும். வாரிய சேற்றைக் கரையில் ஈரமாகக் குவித்தால் அந்தக் குவியலின் உட்புறத்திலும் மீத்தேன் உருவாவது தொடரும். தடுப்பணையை அகற்றுவதானால், பின்னால் தேங்கிய சேற்றில் ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் எவ்வளவு உள்ளன என்று சோதித்த பின்னரே கை வைக்க வேண்டும். நீர்மட்டத்தை ஒரே நாளில் இறக்கவும் கூடாது. ஒரு மீட்டர் நீர் ஏறத்தாழ 0.1 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். அந்த அழுத்தம் திடீரென்று விலகினால் சேற்றில் சிறைப்பட்டிருந்த குமிழ்கள் ஒரே நேரத்தில் வெளியேறும்.

அறிகுறி: குமிழ் இல்லை; ஆனால் கரைந்த ஆக்சிஜன் குறைவு, கரைந்த மீத்தேன் மிகுதி

இங்கே சந்தேகம், மீத்தேன் உண்ணப்படும் பக்கத்தின் மேல் விழ வேண்டும். ஒரு கிராம் மீத்தேனை முழுவதும் கார்பன் டை ஆக்சைடாக்க 4 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நீரின் வெப்பம் 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு உயர்ந்தால், அது காற்றோடு சமநிலையில் தாங்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு 9.1 மில்லிகிராமிலிருந்து 7.6 மில்லிகிராமாகக் குறைகிறது. அதே வெப்ப உயர்வு மீத்தேன் உற்பத்தியைப் பொதுவாகப் பல மடங்கு பெருக்குகிறது. அதாவது வெப்பம் ஒரே நேரத்தில் உற்பத்தியை முடுக்கி, உண்பதற்கு வேண்டிய பொருளையும் குறைக்கிறது. நிழலற்ற ஓடையில் கோடைப் பிற்பகலிலும், சூடேறிய சாலைகளில் ஓடிவந்த மழைநீர் கலந்த பிறகும் நீரின் வெப்பத்தைப் பதிவு செய்து பாருங்கள்.

ஆக்சிஜனைப் பகலில் மட்டும் அளந்து, குறை இல்லை என்று முடிவு செய்வது அடிக்கடி நடக்கும் தவறு. பாசி மண்டிய ஓடையில் பகல் நேரத்தில் ஆக்சிஜன் சமநிலையையும் தாண்டி நிற்கும். இரவில் அதே பாசி மூச்சுவிடுவதால் விடியலுக்குச் சற்று முன் அது அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நேரத்து எண்தான் சேற்றின் மேலடுக்கில் வாழும் பாக்டீரியாக்களின் நிலையைச் சொல்லும். ஆக்சிஜன் பதிவுக்கருவியை முழுதாக ஒரு நாள் நீரில் விட்டுவைக்க இயலாவிட்டால், விடியற்காலையில் ஒரு முறையேனும் சென்று அளப்பது அவசியம்.

நிழல் தர மரம் நட்டால் இலை விழுந்து அழுகி மீத்தேனைக் கூட்டாதா என்ற கேள்வி நியாயமானது. இலைக்குப்பை தேங்கிய மடுவில் மீத்தேன் கூடும் என்பது உண்மை. ஆயினும் மரத்தை வெட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஓடும் நீரில் பரவலாக விழும் இலையைப் பூச்சிகளும் பூஞ்சைகளும் ஆக்சிஜன் உள்ள இடத்திலேயே தின்று தீர்க்கின்றன. கோளாறு, இலை ஓரிடத்தில் அடைபட்டு அடுக்கடுக்காகப் புதையும்போது தொடங்குகிறது. அந்த அடைப்பை நீக்கினால் போதும். சாலையோர மரங்களின் இலைகளை வடிகால் வழியாக மொத்தமாக ஓடைக்குள் தள்ளும் பழக்கம் இருந்தால், தெருவைப் பெருக்கும் காலத்தை இலையுதிர்வோடு பொருத்துவது அடைப்பு ஏற்படாமலே தடுக்கும்.

நீர்த்தாவரங்களின் நிலை சற்றுச் சிக்கலானது. அடர்ந்த தாவரத் திட்டு நீரின் வேகத்தைக் குறைத்துத் தன் அடியில் நுண்மண்ணைச் சேர்க்கிறது. கோரை, நாணல் போன்றவற்றின் தண்டுகளில் உள்ள காற்றுக்குழல்கள் சேற்றின் மீத்தேனைப் புகைபோக்கிபோல் நேரே காற்றுக்குக் கடத்தவும் செய்கின்றன. மறுபுறம், அதே குழல்கள் வழியே வேருக்கு இறங்கும் ஆக்சிஜன் சுற்றியுள்ள சேற்றில் கசிந்து மீத்தேனை உண்ணும் பாக்டீரியாக்களுக்கு உதவுகிறது. எது மேலோங்கும் என்பது இனத்தையும் படுகையையும் பொறுத்தது. தாவரத்தைப் பிடுங்கும் முன் திட்டின் உள்ளேயும் வெளியேயும் அளந்து பார்ப்பதே முறை.

அறிகுறி: படுகை சல்லியாக இருக்கிறது, ஆக்சிஜனும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் மீத்தேன் மிகுதி

பலரை அலைய வைக்கும் அறிகுறி இதுவே. இங்கே ஓடை மீத்தேனை உருவாக்கவில்லை, பெற்றுக்கொள்கிறது என்று கருதித் தொடங்க வேண்டும். கான்கிரீட் பாவிய கால்வாயில் மிகுதி தெரிந்தாலும் இதே வழியில் செல்லலாம். அங்கே மூட்டுகளிலும் வளைவுகளின் உட்புறத்திலும் படிந்த மெல்லிய சேற்றை மட்டும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

மேல்நோக்கி நடந்து பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். மிகுதி தெரிந்த இடத்துக்கும் குறைவாக இருந்த மேலிடத்துக்கும் நடுவில் ஒரு மாதிரி. அது மிகுதியாக இருந்தால் மேற்பாதியிலும், குறைவாக இருந்தால் கீழ்ப்பாதியிலும் அடுத்த மாதிரி. நான்கைந்து சுற்றுகளில் ஓடையின் சில பத்து மீட்டர் நீளத்துக்குள் மூலத்தை அடக்கிவிடலாம். வழியில் சேரும் ஒவ்வொரு குழாயின் நீரையும் ஓடையில் கலக்கும் முன் தனியே எடுக்க வேண்டும். செறிவை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், அதை நீரோட்ட அளவால் பெருக்கிப் பாருங்கள். மிகுந்த செறிவோடு சொட்டும் குழாய் ஒன்றைவிட, நடுத்தரச் செறிவோடு பெருகி வரும் குழாய் கூடுதலான மீத்தேனைக் கொண்டுவரலாம்.

மூலம் நிலத்தடி நீர் என்றால், வெயில் காலத்தில் அந்தப் பகுதியில் நீர் குளிர்ந்திருக்கும். ஊறும் இடத்தில் ஆரஞ்சு நிற இரும்புப் படிவு தென்படும். கரைந்த இரும்பு வெளியே வந்து ஆக்சிஜனைச் சந்திப்பதால் உண்டாகும் அந்த நிறம், அந்த நீர் ஆக்சிஜனற்ற மண்ணின் வழியாக வந்தது என்பதற்குச் சான்று. பழைய குப்பைமேடு அருகில் இருந்தால் மின்கடத்துதிறனும் அம்மோனியமும் சேர்ந்து உயரும்.

மூலம் கழிவுநீர் என்றால் அம்மோனியம், குளோரைடு, மலத்தில் காணப்படும் எஷரிசியா கோலி பாக்டீரியா ஆகியவற்றோடு, சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் ஒளிரும் சாயமும் தென்படக்கூடும். அந்தச் சாயம் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். கழிவுநீரைப் பம்பு செய்து ஏற்றும் குழாய்கள் முழுவதும் நிரம்பி, காற்றே இல்லாமல் இருப்பதால், அவற்றின் உட்சுவரில் படியும் உயிர்ப்படலத்திலேயே (நுண்ணுயிர்களின் வழவழப்பான படிவு) மீத்தேன் உருவாகிறது. மழையே இல்லாத நாளில் மழைநீர் வடிகாலில் நீர் ஓடிக்கொண்டிருந்தால், அது நிலத்தடி நீரா கழிவுநீரா என்பதை இந்தக் குறிப்பான்களைக் கொண்டே பிரிக்க வேண்டும். இத்தகைய இணைப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது, படுகையில் செய்யும் எந்த மேம்பாட்டைவிடவும் விரைந்து பலன் தரும். மீத்தேனோடு நோய்க்கிருமியும் ஓடைக்கு வருவது அதனால் நிற்கும்.

மூன்றாவது சாத்தியம் எரிவாயுக் குழாயின் கசிவு. சேற்றிலோ கழிவுநீரிலோ நுண்ணுயிர்களால் உருவான மீத்தேனில் ஈத்தேன் என்னும் வாயு ஏறக்குறைய இருப்பதில்லை. நிலத்தின் ஆழத்திலிருந்து எடுத்த எரிவாயுவில் பெரும்பாலும் இருக்கும். மீத்தேனிலுள்ள கனமான கார்பன்-13 அணுக்களின் பங்கைப் பொதுத் தரம் ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்லும் ஐசோடோப்பு விகிதமும் உதவும்: நுண்ணுயிர் மீத்தேன் பொதுவாக ஆயிரத்துக்கு மைனஸ் 50-ஐவிடக் கீழே இருக்கும், ஆழ்நில எரிவாயு அதைவிட மேலே இருக்கும். ஆனால் பாக்டீரியாக்கள் உண்டு மிஞ்சிய மீத்தேன் கார்பன்-13 கூடியதாக மாறிவிடுவதால், ஐசோடோப்பு எண்ணை மட்டும் நம்பி எரிவாயுக் கசிவு என்று அறிவிக்கக் கூடாது. ஈத்தேனையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சேற்று மீத்தேனையும் கழிவுநீர் மீத்தேனையும் பிரிக்க இந்த எண் உதவாது என்பதையும் நினைவில் கொள்க. எரிவாயுவில் சேர்க்கும் மணப்பொருளை மண் உறிஞ்சிவிடக்கூடும் என்பதால், நாற்றம் இல்லை என்பது சான்றாகாது. கரையில் காரணமின்றிப் புல் கருகிய வட்டங்கள் தெரிந்தால் விலகி நின்று, குழாயைப் பராமரிப்பவர்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

அறிகுறி: மேலே மிகுந்திருந்த மீத்தேன், சலசலத்து ஓடும் பகுதிக்குக் கீழே குறைந்துவிட்டது

இதைக் குணமாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். கற்களின் மேல் மோதிச் சலசலத்து ஓடும் நீர், வாயுவைக் காற்றோடு பரிமாறிக்கொள்ளும் வேகம் மடுவில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடுதல். அங்கே மீத்தேன் உண்ணப்பட்டிருப்பதைவிடக் காற்றில் கலந்திருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. சிறு வீழ்ச்சியோ படிக்கட்டு அணையோ இருந்தால் ஓரிரு மீட்டருக்குள் நீரிலிருந்த மீத்தேனின் பெரும்பகுதி வெளியேறிவிடும். இந்தக் காரணத்தாலேயே, மீத்தேனைக் குறைக்கவென்று செயற்கை நீர்வீழ்ச்சியோ காற்றூட்டும் கருவியோ வைப்பதை முதல் தீர்வாக ஏற்க எனக்கு மனமில்லை. அவை நீரின் ஆக்சிஜனைக் கூட்டி, காலப்போக்கில் கீழ்ப்புறப் படுகைக்கு நன்மை செய்யலாம். ஆனால் மேலே ஏற்கெனவே உருவான மீத்தேனை அவை அழிப்பதில்லை, வெளியேறும் இடத்தை மட்டுமே மாற்றுகின்றன. சலசலப்புப் பகுதிக்கு மேலும் கீழும் அளந்த செறிவுகளின் வேறுபாட்டை நீரோட்ட அளவால் பெருக்கினால், அந்த இடத்தில் காற்றுக்குப் போனதன் மேல்வரம்பு கிடைக்கும். அறிக்கையில் இந்த எண்ணையும் எழுதுங்கள்.

அறிகுறி: மழைக்குப் பிறகு எண் குறைந்து, சில நாட்களில் முன்பைவிட உயர்கிறது

வெள்ளம் நீர்த்துப்போகச் செய்வதாலும் சேற்றை அரித்துச் செல்வதாலும் எண் இறங்குகிறது. வெள்ளம் வடியும்போது புதிய நுண்மண்ணும் புதிய கரிமப் பொருளும் படிந்து, ஆக்சிஜன் தீர்ந்து, உற்பத்தி மீண்டும் தொடங்குகிறது. நகரத்தில் மழைநீர் வேகமாக வந்து வேகமாக வடிவதால் இந்தச் சுழற்சி மிகக் கூர்மையாக இருக்கும். மழைக்கு மறுநாள் மட்டும் அளக்கும் கண்காணிப்புத் திட்டம் ஓடையை உள்ளதைவிட நல்லதாகக் காட்டும். குறைந்தது ஒரு வார வறண்ட காலத்தின் முடிவிலும் அளக்க வேண்டும்.

அறிகுறி: ஓடையைச் சீரமைத்த பின் மீத்தேன் கூடிவிட்டது

பாடுபட்டுக் கான்கிரீட்டை உடைத்து, வளைவுகளை மீட்டு, மரத்தண்டுகளை இட்டு, வெள்ளச் சமவெளியை மீண்டும் ஓடையோடு இணைத்தவர்களுக்கு இந்த எண் மனவருத்தம் தரும். முதலில், ஒப்பீடு சரியானதா என்று பாருங்கள். கான்கிரீட் கால்வாயில் அளந்தது கடந்து செல்லும் நீரின் செறிவு மட்டும் என்றால், அதில் மேலிருந்து வந்த மீத்தேன் ஏற்கெனவே வெளியேறியிருக்கலாம். சீரமைப்புக்கு முன்னும் பின்னும், சீரமைக்காத வேறோர் ஓடையிலும் ஒரே முறையில், ஒரே பருவத்தில், குமிழையும் சேர்த்து அளந்திருந்தால்தான் ஒப்பீடு நிற்கும்.

ஒப்பீடு சரிதான், உயர்வும் உண்மைதான் என்றால், புதிதாக நீரில் மூழ்கிய புல்லும் மேல்மண்ணும்தான் முதல் சந்தேகத்துக்கு உரியவை. எளிதில் சிதையும் கரிமப் பொருள் திடீரென்று நீருக்கடியில் போனால், முதல் சில பருவங்களில் மீத்தேன் கூடுவது எதிர்பார்க்கத்தக்கதே. புதிய நீர்த்தேக்கங்களிலும் இதுவே நிகழ்கிறது. அந்தப் பொருள் தீர்ந்ததும் எண் இறங்கத் தொடங்குகிறதா என்று பொறுத்திருந்து பார்க்க வேண்டும். இறங்கவில்லையானால், ஓடையோடு தொடர்பு அறுந்து தேங்கிக் கிடக்கும், ஆழமற்ற, வெயில் படும் பக்கக் குட்டைகளைத் தேடுங்கள். அவற்றின் வாயை ஓடையோடு இணைத்தோ, கரையில் நிழலைக் கூட்டியோ, எரு கலந்த மேல்மண்ணை அடியில் பரப்பாமல் மணலும் சல்லியும் இட்டோ நிலைமையை மாற்றலாம். அடுத்த சீரமைப்பில், நீரில் மூழ்கப்போகும் இடத்தின் புல்லையும் வளமான மேல்மண்ணையும் முன்கூட்டியே வாரிக் கரையின் மேற்பகுதியில் பயன்படுத்துவது இந்த உயர்வைத் தொடக்கத்திலேயே தணிக்கும்.

இந்த உயர்வைக் காட்டி, கான்கிரீட்டே மேல் என்று சிலர் வாதிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கான்கிரீட் கால்வாய் தன் கரிமப் பொருளையும் நுண்மண்ணையும் இல்லாமலாக்குவதில்லை; கீழே உள்ள குளத்துக்கோ ஆற்றின் முகத்துக்கோ அனுப்பிவைக்கிறது. அங்கே தேங்கும் சேற்றிலிருந்து எழும் மீத்தேனையும் அந்தக் கால்வாயின் கணக்கிலேயே எழுத வேண்டும்.

அறிகுறி: மீத்தேன் குறைந்தது, ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு உயர்ந்தது

நைட்ரேட் மிகுந்த நகர ஓடையில் ஆக்சிஜனைச் சற்றே கூட்டும்போது இது நேரலாம். மீத்தேன் உற்பத்தியை அடக்கிய அதே நைட்ரேட், ஆக்சிஜன் அரைகுறையாக உள்ள அடுக்கில் முழுமையாக நைட்ரஜனாக மாறாமல் நைட்ரஸ் ஆக்சைடு நிலையிலேயே நின்றுவிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப்போல் 27 முதல் 30 மடங்கு வெப்ப விளைவைத் தரும் என்றால், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு ஏறத்தாழ 273 மடங்கு தரும். ஆகவே இரண்டையும் ஒரே குப்பியிலிருந்து அளந்து, அந்தப் பெருக்கெண்களால் பெருக்கிக் கூட்டிய பிறகே திருத்தம் பலித்ததா என்று சொல்ல முடியும். கூட்டுத்தொகை குறையவில்லையென்றால் படுகையை விட்டுவிட்டு நைட்ரேட் வரும் வழிக்குத் திரும்ப வேண்டும். அது பெரும்பாலும், சல்லிப் படுகையின் அறிகுறியில் பாதிப் பாதியாகத் தேடிய அதே கழிவுநீர்க் கசிவில் போய் முடியும். அங்கே எடுத்து வைத்த மாதிரிகளில் மிஞ்சிய நீரை வீணாக்காமல் உறையவைத்திருந்தால், நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும் அளக்க இப்போது அது பயன்படும்.